அக்கி வெளியிலிருந்து வருவதில்லை

அக்கியோடு வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "யாரிடமிருந்து டாக்டர் தொற்றியது?" யாரிடமிருந்தும் இல்லை, சிறு வயதில் வந்த சின்னம்மைதான் இது என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். அம்மை இறங்கிவிட்டது என்று வேப்பிலை போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி நாற்பது வருடம் ஆகிறதே!

இறங்கியது கொப்புளம் மட்டும்தான். வைரஸ் உணர்வு நரம்பின் வழியே ஏறி, முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய்த் தங்கிவிடுகிறது. அக்கி என்பது அப்படித் தங்கிய சின்னம்மை வைரஸ் மீண்டும் எழுவதுதான் என்று 1965இல் தெளிவாக வாதிட்டவர் ஹோப்-சிம்சன் என்ற ஆங்கிலேயக் குடும்ப மருத்துவர். ஒரு நரம்பு பரவும் பகுதியில் மட்டும், உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளம் எழுவதற்கும் காரணம் இதுதான்.

அத்தனை வருடம் அது எப்படிச் சும்மா இருக்கிறது? உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் எச்எஸ்வி-1 என்ற வைரஸும் சின்னம்மை வைரஸும் ஒரே ஹெர்பிஸ் குடும்பம்தான். இந்தக் கதையை ஆய்வகங்கள் அதில்தான் நன்றாகப் படித்திருக்கின்றன. வைரஸின் டிஎன்ஏ நரம்புச் செல்லின் உட்கருவில் வளையமாகக் கிடக்கிறது. செல் தன் ஹிஸ்டோன் புரதங்களை அதன்மேல் சுற்றி வாயை அடைத்துவிடுகிறது. போதாததற்கு பிஎம்எல் என்ற புரதம் சில கூட்டாளிகளோடு திரண்டு காவலும் இருக்கிறது.

இந்தக் காவலை உடைக்க வைரஸ் சொந்தமாக இடிக்கும் ஆயுதம் கொண்டுவருவதில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. நம் செல்லில் வேண்டாத புரதங்களை அழிக்க ஓர் ஏற்பாடு உண்டு. 76 அமினோ அமிலங்கள் கொண்ட யுபிகுவிட்டின் என்ற சிறு புரதத்தை வேண்டாத புரதத்தின் மேல் சங்கிலியாக ஒட்டிவிட்டால், அந்த வேண்டாத புரதத்தை புரோட்டியசோம் என்ற வெட்டும் இயந்திரம் நறுக்கித் தள்ளிவிடும். (இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2004இல் வேதியியல் நோபல் கிடைத்தது.) வைரஸின் ஐசிபி-0 என்ற புரதம் இந்த அடையாளத்தை பிஎம்எல் மீதே ஒட்டிவிடுகிறது. மாநகராட்சி முத்திரையைத் திருடி, 'இடிக்க வேண்டிய கட்டடம்' என்று காவல் நிலையத்தின் சுவரிலேயே குத்துவது போல. காவலை இடிப்பது நம் செல்லின் சொந்த ஆட்கள். ஐசிபி-0 பழுதான வைரஸ்களால் உறக்கத்திலிருந்து சரியாக எழ முடிவதில்லை. சின்னம்மை வைரஸிலும் இதற்கு ஓர் உறவினர் புரதம் உண்டு. அது பிஎம்எல் கூட்டத்தைக் கலைத்துவிடுகிறது.

"உடம்புச் சூடு டாக்டர்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காய்ச்சலும் கடும் வெயிலும் உதட்டுக் கொப்புளத்தைக் கிளப்பும் என்பது உண்மை. ஆனால் அக்கிக்கு முக்கியக் காரணம் நோய் எதிர்ப்புக்குப் போராடும் வெள்ளணுக்களான டி-செல்கள் வயதாலோ நோயாலோ மருந்தாலோ தளர்வதுதான். மாம்பழத்தின் மேல் பழி போடாதீர்கள்.

அசைக்ளோவிர் வகை மாத்திரைகள் வைரஸ் பெருகுவதைத் தடுக்கும். வைரஸின் நொதி பட்டால்தான் இந்த மருந்துக்கு உயிர் வரும். உறங்கும் வைரஸ் அந்த நொதியைச் செய்வதில்லை. எனவே வேரோடு பிடுங்க இதனால் முடியாது. முதல் கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. மார்பில் காவிமண்ணால் சிங்கம் எழுதிக்கொண்டு ஆறாம் நாள் வருகிறார்கள். உப்புநீரில் நனைத்த பஞ்சால் சிங்கத்தைத் துடைத்தெடுத்தால்தான் அடியில் கொப்புளம் தெரிகிறது. அதற்குள் பாதி சீழ் வைத்திருக்கும். எழுதிக் குணமானவர்கள் உண்டே என்பார்கள். உண்டு. அக்கிப் புண் எழுதினாலும் எழுதாவிட்டாலும் சில வாரங்களில் ஆறிவிடும். ஆறாமல் நிற்பது வலி. சட்டை உரசினாலே தீப்பட்டது போல் துடிக்கும் அந்த நரம்பு வலி, முதியவர்களுக்கு மாதக்கணக்கில் நீடிக்கலாம்.

மூக்கு நுனியில் கொப்புளம் இருந்தால் காத்திருக்கவே கூடாது. அதே நரம்பின் கிளை கண்ணுக்கும் போகிறது. அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.

'புரோட்டியசோமை மருந்தால் அடைத்துவிட்டால் வைரஸ் எழ முடியாதே' என்று தோன்றும். ஆய்வகத் தட்டில் அப்படித்தான் நடக்கிறது. மனிதரில் நேர்மாறு. மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் போர்டெசோமிப் என்பது புரோட்டியசோமை அடைக்கும் மருந்துதான். அதை எடுப்பவர்களுக்கு அக்கி அதிகமாகவே வருகிறது. வெளியே ரோந்து சுற்றும் டி-செல்களையும் அது முடக்கிவிடுவதே காரணம். அதனால்தான் கூடவே அசைக்ளோவிரும் எழுதுகிறார்கள். "எனக்குத்தான் அக்கி இல்லையே" என்று அதை நடுவில் நிறுத்திவிடாதீர்கள். மூட்டுவாதத்துக்கு டோஃபாசிட்டினிப் எடுப்பவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு தவணைத் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. உயிருள்ள வைரஸ் இல்லாததால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் போடலாம். விலை அதிகம்தான். வழக்கமாக இரண்டு தவணைக்கும் இடையே இரண்டு முதல் ஆறு மாத இடைவெளி வேண்டும் என்பதால், இத்தகைய மருந்து தொடங்கும் தேதி முடிவாகும் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.