ஸ்பார்க் கேப்: தீப்பொறி இடைவெளி

ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்னும் ஊரில், எங்கள் வீட்டுப் பின்கட்டில், மிக உயர்ந்த மின்னழுத்தத்தை உண்டாக்கும் டெஸ்லா சுருள் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்த என் மருமகன், ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழில் எழுதிக்கொள்ளும் வழக்கமுள்ளவன் ஆதலால், ‘பாதுகாப்பு இடைவெளி 4 மி.மீ.’ என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தான். அதைப் படித்த அவன் தங்கை, “மாமா, அவ்வளவு கிட்டயா நிக்கலாம்?” என்று என்னிடம் கேட்டாள். அவள் படித்ததில் பிழையில்லை. லாரியின் பின்பக்கத்திலும் கொரோனா காலத்துக் கடைவாசல்களிலும் நாம் படித்த ‘இடைவெளி’ என்பது ஆள் விலகி நிற்க வேண்டிய தூரமே. அவன் எழுதியதோ, மின்மாற்றியைக் காப்பதற்காக அதன் முனைகளுக்குக் குறுக்கே வைக்கப்படும் ‘ஸ்பார்க் கேப்’ என்னும் கருவியின் பெயர்.

‘ஸ்பார்க்’ பழைய ஆங்கிலத்திலேயே உள்ள சொல். ‘கேப்’ பிளவு, பாதாளம் என்னும் பொருளில் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. இரண்டையும் சேர்த்து, காற்றால் பிரிக்கப்பட்ட இரு உலோக முனைகளையும் அவற்றுக்கு நடுவிலுள்ள இடத்தையும் அந்த இடத்தின் அளவையும் ஆங்கிலத்தார் ஒரே பெயரால் சொல்லிவிடுகிறார்கள். ஜெர்மானியர் பொறி கடக்கும் வழியைக் கண்டு ‘ஃபுங்கன்ஷ்ட்ரெக்கெ’ என்றார்கள். ‘ஷ்ட்ரெக்கெ’ என்றால் தூரம், வழி. பிரெஞ்சுக்காரர் அதன் செயலைக் கண்டு, வெடிக்கச் செய்வது என்னும் பொருள்பட ‘எக்லாதெர்’ என்றார்கள். 1887இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் மின்காந்த அலையைக் காட்டியது இத்தகைய பொறியைக் கொண்டுதான். பின்னர் கப்பல்களின் கம்பியில்லாத் தந்தியும் இதனாலேயே இயங்கியதால், ஆங்கிலக் கப்பல்களில் தந்திக்காரருக்கு ‘ஸ்பார்க்ஸ்’ என்ற பட்டப்பெயர் ஏற்பட்டது. ஜெர்மன் மொழியில் வானொலிக்கு வழங்கும் ‘ஃபுங்க்’ என்னும் சொல்லிலும் அந்தப் பொறி இன்றுவரை இருக்கிறது.

தமிழில் ‘பொறி’ பொருள் மிகுந்த சொல். கன்னத்தில் அறை விழுந்தால் கண்ணில் பொறி பறக்கிறது, அதே அறையில் பொறி கலங்கியும் போகிறது. முன்னது தீத்துகள், பின்னது புலன். எலியைப் பிடிப்பதும் பொறி, எந்திரமும் பொறி, செப்பேட்டில் வெட்டிய முத்திரையும் பொறி. (கடலையோடு கலந்து தின்பது இடையின ரகரத்துப் பொரி, அதை இங்கே கொண்டுவர வேண்டாம்.) இத்தனை பொருள் இருப்பதால்தான் ‘மின்பொறி’ என்ற சுருக்கத்தை நான் ஏற்பதில்லை. மின்பொறியாளர் என்றால் மின் எந்திரங்களை அறிந்தவர் என்று கொள்ளும் நாட்டில், மின்பொறி என்பது மோட்டாரையே நினைவூட்டும். ‘பொறிவாய்’ என்று வைக்க ஒரு கணம் ஆசை எழுந்தது. ஆனால் ‘பொறிவாயில் ஐந்தவித்தான்’ என்று குறள் அதை ஐம்புலனுக்கு முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. ‘தீ’ என்ற ஓரெழுத்தை முன்னே வைத்தால் ஐயம் நீங்குகிறது. ஆகவே கருவிக்குத் ‘தீப்பொறி இடைவெளி’ என்பதே தக்க பெயர். அளவைக் குறிக்க ‘முனையிடைத் தூரம்’ என்று வேறு சொல் வேண்டும் என்பது என் கருத்து. மெக்கானிக் கடையில் ‘பிளக் கேப்’ என்றால் அளவுதான். அங்கே எவருக்கும் குழப்பமில்லை. உச்சிப்புளியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், கைக்கு அளவுத்தகடு கிடைக்காதபோது ஆக்ஸா பிளேடைப் பிளக்கின் வளைந்த முனைக்குக் கீழே நுழைத்து, அது லேசாக உரசிக்கொண்டு வெளியே வந்தால் போதும் என்பார். அந்தப் பிளேடின் கனம் ஏறத்தாழ 0.6 மி.மீ.; பைக்குக்கு அது ஒத்துப்போகிறது.

டெஸ்லா 1891இல் அமைத்த சுருளில் தீப்பொறி இடைவெளி ஒரு சுவிட்ச். மின்மாற்றி மின்தேக்கியை நிரப்புகிறது. மின்னழுத்தம் ஏறி முனைகளுக்கு நடுவிலுள்ள காற்று உடையும்போது, தேங்கியிருந்த மின்னூட்டம் முதன்மைச் சுருளில் பாய்கிறது. சீரான மின்புலத்தில் காற்று ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட்டில் உடையும். கூர்முனையானால் அதற்கு முன்பே உடையும். முனையிடைத் தூரத்தைக் கூட்டினால் பொறி பெரிதாகும் என்ற ஆசையில்தான் பலருடைய மின்தேக்கியும் மின்மாற்றியும் போகின்றன. தூரம் அதிகமானால் பொறி எழுவதில்லை. எழாத பொறியின் அழுத்தம், மின்தேக்கியும் மின்மாற்றியும் ஒன்றுக்கொன்று இசைந்து ஒத்ததிர்வில் (ரெசனன்ஸ்) இருக்கும்போது, பெயர்ப்பலகையில் உள்ள அளவையும் மீறி ஏறி, உள்ளே காப்பை (இன்சுலேஷனை) துளைத்துவிடுகிறது. ஆகவே குறைந்த தூரத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும்.

மருமகன் தாளில் எழுதியிருந்தது அந்தத் துளைப்பைத் தடுக்கும் இரண்டாவது இடைவெளியைப் பற்றி. நியான் விளம்பரப் பலகை மின்மாற்றியில் 15,000 வோல்ட் என்று போட்டிருந்தால், அது மாறுமின்னோட்டம் ஆதலால் அதன் உச்சம் ஏறத்தாழ 21,000. நடுப்புள்ளி எர்த் ஆன மின்மாற்றியில் ஒவ்வொரு முனைக்கும் நிலத்துக்கும் நடுவே அதில் பாதி, அதாவது 10,600 வோல்ட் அளவு நிற்கும். கணக்குப்படி அது மூன்றரை மில்லிமீட்டர். ஆனால் அதைக் கணக்கால் மட்டும் முடிவு செய்வதில்லை. மின்தேக்கியைக் கழற்றிவிட்டு, மின்மாற்றியை மட்டும் ஓட்டி, பொறி எழாத மிகக் குறைந்த தூரத்தைக் கண்டு அங்கே நிறுத்துவார்கள். அதன்பின் முதன்மை இடைவெளி அதற்கும் முந்திப் பொறி விடும்படி அமைக்கப்படும். இந்த இரண்டாவதை நான் ‘காப்புப் பொறி இடைவெளி’ என்கிறேன். காப்பு என்றால் பாதுகாவல். மின்னியலில் இன்சுலேஷனும் காப்பே. காப்பைக் காப்பது ஆதலால் பெயர் இரண்டு வழியிலும் பொருந்துகிறது.

இந்தத் தூரத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது. பிறகு நீண்ட காப்புக் கைப்பிடியுள்ள எர்த் கம்பியால் மின்தேக்கியின் முனைகளை இணைத்து வெறுமையாக்கி, சிறிது நேரம் கழித்து மறுபடியும் இணைத்து, இணைத்தபடியே வைக்க வேண்டும்; காப்புப் பொருளுக்குள் ஊறிய மின்னூட்டம் திரும்ப முனைக்கு வந்துவிடும். 0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் 21,000 வோல்ட்டில் இருப்பது இரண்டு ஜூலுக்குச் சற்று மேல். மின்மாற்றியிலிருந்து தொடர்ந்து பாயும் 30 மில்லியாம்பியரே அதைவிடக் கொடியது. மைக்ரோவேவ் அடுப்பின் மின்மாற்றி அதனினும் மோசம், அதைத் தொடாதீர்கள். பொறியில் புற ஊதா ஒளியும் ஓசோனும் உண்டு, ஓசை காதைத் துளைக்கும். ஆதலால் அடைத்த அறையில் ஓட்டுவதும் பொறியை வெறுங்கண்ணால் உற்றுப் பார்ப்பதும் கூடா.

எங்கள் கரையில் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. ஈரக்காற்றில் பொறி எளிதில் பாயும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நீராவி கலந்த காற்று உடைவதற்குச் சற்று அதிக அழுத்தம் கேட்கிறது. கெடுதி செய்வது உப்பு. கடற்காற்று முனைகளைத் தாங்கும் அட்டை, பீங்கான், பிளாஸ்டிக் ஆகியவற்றின் மேல் உப்பைப் படியவைக்கிறது. பனி இறங்கும் விடியலில் அது நனைந்து, மின்சாரம் காற்றைக் கடக்காமல் மேற்பரப்பிலேயே ஊர்ந்துவிடுகிறது. பாம்பன் பக்கம் மின்கம்பத்துப் பீங்கான் ‘சர்ர்’ என்று இரைவதை அதிகாலையில் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சில மின்மாற்றிகளின் பீங்கானில் கொம்புபோல் வளைந்து நிற்கும் இரு கம்பிகளும் ஒரு தீப்பொறி இடைவெளிதான். மின்னல் தாக்கினால் பொறி பீங்கானைச் சுடாமல் அங்கே பாயும்.

மருமகன் முனைகளுக்குச் செப்புக்குழாய்த் துண்டுகளை வைத்திருந்தான். ஒரு வாரம் ஓட்டாமல் கிடந்ததில் அவற்றில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. தேய்த்துத் துடைத்து, தாங்கும் அட்டையை உப்புப்போகக் கழுவி உலர்த்தி, அளவுத்தகட்டை நுழைத்துப் பார்த்தோம். பொறி முனையை அரிக்க அரிக்கத் தூரம் தானாகவே கூடும் என்பதால், முன்பு இறுக்கிய தூரம் அப்படியே இருக்கும் என்று நம்புவதற்கில்லை. சுவரிலிருந்த தாளைக் கிழித்துவிட்டு அவன் வேறு எழுதினான்: ‘காப்புப் பொறி இடைவெளி, முனையிடைத் தூரம் 4 மி.மீ. ஆள் நிற்கும் தூரம் 3 மீட்டர்.’ இரண்டாவது வாக்கியத்தைச் சிவப்பு மையில் எழுதச் சொன்னவள் அவன் தங்கை.