மணலில் விழுந்த கம்பி ட்ரிப் ஆகாமலும் போகலாம்

"கம்பி அறுந்து விழுந்தா கரண்ட் தானா நின்னுரும்ல சார்?"

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊர்களான மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் மின்வாரியப் பாதுகாப்புக் கூட்டம் போட்டால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. நனைந்த வயலில் விழுந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நம் கடற்கரை மணலில் விழுந்தால் அப்படி நம்பிவிட முடியாது.

சப்ஸ்டேஷனில் லைனைக் காவல் காக்கும் கருவியான ரிலேவுக்குக் கம்பி தெரியாது, கம்பியில் ஓடும் கரண்டின் அளவுதான் தெரியும். வைத்த வரம்பைத் தாண்டினால் பிரேக்கரைத் திறந்து கரண்டை நிறுத்தச் சொல்லும்; இதைத்தான் ட்ரிப் என்கிறோம். இரண்டு கம்பி உரசி முழு ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும். கண் சிமிட்டும் நேரத்தில் ஃபீடர், அதாவது சப்ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு வரும் லைன், ட்ரிப் ஆகிவிடும். அறுந்து தரையில் கிடக்கும் கம்பியின் கதை வேறு. 12.5 கே.வி. லைனுக்குப் பாதுகாப்புப் பொறியாளர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டும் ஓர் அட்டவணை உண்டு. உள்ளே இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட் மேல் விழுந்தால் 75 ஆம்பியர், ஈரப் புல்லில் 50, ஈர மணலில் 15, காய்ந்த மணலில் பூஜ்யம். சாயங்காலம் ஐஸ் கம்பெனிகள் மோட்டாரைப் போடும்போது ஏறுகிற லோடு இந்த 15 ஆம்பியரைவிட அதிகம். தரைக்குக் கசியும் கரண்டுக்கு ரிலேயில் வைக்கும் வரம்பை (எர்த் ஃபால்ட் செட்டிங்கை) இன்னும் கீழே இறக்கலாமே என்பார்கள். ஓரளவுக்கு மேல் இறக்கினால், ஃபீடரை சார்ஜ் செய்கிற, அதாவது மறுபடி கரண்ட் விடுகிற நேரத்தில் ட்ரான்ஸ்ஃபார்மர்கள் மொத்தமாக இழுக்கும் கரண்டுக்கே ரிலே ஏமாந்து ட்ரிப் அடிக்கும்.

காய்ந்த மணலில் கிடக்கும் கம்பியில் சில நேரம் பொறியும் இருக்காது, சத்தமும் இருக்காது. பொறி பறந்தால் அந்தச் சூட்டில் மணல் உருகிக் கம்பியைச் சுற்றிக் கண்ணாடியாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் கண்ணாடியும் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் தரைக்குப் போகிற கரண்ட் இன்னும் குறையும். கம்பியில் மட்டும் 11 கே.வி.யோ 22 கே.வி.யோ அப்படியே இருக்கும். மேய்ந்துகொண்டு வரும் ஆட்டுக்கோ, கம்பியை ஒதுக்கிப் போட வரும் மனிதருக்கோ அது தெரிய வழியில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு தொல்லையும் இந்தக் கரையில் உண்டு. வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவில் நிற்கும் கம்பங்களில் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் இன்சுலேட்டரில் உப்பு படியும். உப்பு காய்ந்திருக்கும் வரை வம்பில்லை. மழையே இல்லாத பல வாரங்களுக்குப் பிறகு விடியற்காலைப் பனியோ லேசான தூறலோ விழுந்தால் அது உப்புத் தண்ணீராகி, இன்சுலேட்டர் மேலேயே கரண்ட் வழிந்து பொறி பறக்கும். ஃபீடர் ட்ரிப் ஆகும். லைன்மேன் போய்க் கம்பம் கம்பமாகப் பார்ப்பார், ஒன்றும் சிக்காது. வெயில் ஏறியதும் சார்ஜ் போட்டால் லைன் ஜம்மென்று நிற்கும். "காலைல ஏன்யா கட் பண்றீங்க" என்று திட்டுகிறவர்களுக்கு இதை விளக்கியே எனக்குத் தொண்டை காய்ந்திருக்கிறது. பலத்த மழை பெய்தால் உப்பு கழுவிப் போய்விடும். கடலோர லைனுக்குக் கிலோவோல்ட்டுக்கு 31 மில்லிமீட்டர் கசிவுத் தூரம் (இன்சுலேட்டரின் மேற்பரப்பு நெடுக அளக்கும் தூரம்) உள்ள இன்சுலேட்டர் வேண்டும் என்று சர்வதேசத் தரம் சொல்வது இதற்காகத்தான். சிலிக்கான் ரப்பர் பாலிமர் வகை தண்ணீரை ஒட்டவிடாது. பீங்கானைவிட நம் ஊருக்கு அதுதான் தோது என்பது என் கருத்து.

சரி, ஃபால்ட் (பழுது) எங்கே என்று எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? 110 கே.வி., 230 கே.வி. லைன்களில் டிஸ்டன்ஸ் ரிலே உண்டு. வோல்டேஜைக் கரண்டால் வகுத்து, ஃபால்ட் எத்தனை கிலோமீட்டரில் என்று சொல்லிவிடும். ஃபால்ட் எழுப்பும் அலை இரண்டு முனைகளையும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை ஜி.பி.எஸ். கடிகாரத்தால் அளந்து இடத்தைக் குறிக்கும் கருவிகளும் வந்துவிட்டன. அலை ஒரு மைக்ரோ செகண்டில் ஏறக்குறைய 300 மீட்டர் போகும். ஆகவே ஒன்றிரண்டு கம்பத் தூரத்துக்குள் இடம் சிக்கிவிடும்.

ஊருக்குள் வரும் ஃபீடரில் இது அவ்வளவு எளிதில்லை. கிளை கிளையாகப் பிரிவதால் "4 கிலோமீட்டரில்" என்றால் அது மூன்று தெருக்களில் எதுவாகவும் இருக்கலாம். அதனால் இன்றும் பழைய முறைதான். நடுக் கம்பத்தில் லைனைப் பிரிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்துவிட்டு முன்பாதிக்கு சார்ஜ் போட்டுப் பார்ப்போம். ட்ரிப் ஆகாமல் லைன் நின்றால் ஃபால்ட் அடுத்த பாதியில். சில ஃபீடர்களில் ஆட்டோ ரீகுளோசர் என்ற கருவி, தற்காலிக ஃபால்ட்டாக இருக்கும் என்று நினைத்துத் தானாகவே மறுபடி கரண்ட் விடும். கரண்ட் போய்ப் பத்து நிமிஷமாகிவிட்டது, இனி தொடலாம் என்று ஒருவர் கம்பியைத் தூக்குகிற நேரத்தில்தான் நாங்கள் இப்படிப் போட்டுப் பார்க்கும் டெஸ்ட் சார்ஜ் வந்து இறங்கும்.

கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் போன்றவை இதில் புதுச் சிக்கல். ஷார்ட் ஆனால் சுழலும் ஜெனரேட்டர் தன் அளவைப்போல் பல மடங்கு கரண்டைக் கொட்டும், சூரிய மின் நிலையத்தின் இன்வெர்ட்டரோ 1.1, 1.2 மடங்கோடு நிறுத்திக்கொள்ளும். பெரிய கரண்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் ரிலேக்களின் செட்டிங்கை மறுபடி கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அது எங்கள் பாடு.

உங்கள் பாடு சின்னது. கம்பி கிடந்தால் குறைந்தது 10 மீட்டர் தள்ளி நின்று, ஆட்களையும் ஆடு மாடுகளையும் வரவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிட்டே போய்விட்டால் ஓடாதீர்கள்; இரண்டு காலையும் ஒட்டி வைத்து, தரையைவிட்டு எடுக்காமல் தேய்த்துக்கொண்டே விலகுங்கள். மீன் வண்டி மேல் விழுந்திருந்தால், தீப்பிடிக்காதவரை வண்டிக்குள்ளேயே இருங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987-ல் சொல்லும்போது "கடற்கரைப் பக்கம்" என்று மட்டும் சொன்னால் எங்கே என்று தேடுவது? பக்கத்துக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும், இல்லையென்றால் எந்த ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கம் என்பதையும் சொல்லுங்கள். "அறுந்து கீழே கிடக்கு" என்பதை முதலில் சொல்லுங்கள். அது தெரிந்தால் டெஸ்ட் சார்ஜ் போட மாட்டார்கள்.