பழைய வரைபடத்தில் காற்றாலை இருந்தால் கிணற்றைத் தேடுங்கள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து மணல்மேட்டு மேய்ச்சல் பகுதியில் நிலத்தடி நீர் சம்பந்தமான வேலை பார்க்கிறேன். பண்ணை வாங்கப் போகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அந்த இடத்தின் பழைய டோப்போ ஷீட்டை (நிலத்தின் மேடு பள்ளம், கட்டடங்களைக் காட்டும் வரைபடத் தாள்) பார்த்தீர்களா என்பதைத்தான். அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் அவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது, ஆனாலும் பலர் சாட்டிலைட் படத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

1:24,000 அளவுத் தாள் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். பழுப்புநிறச் சம உயரக் கோடுகளுக்கு நடுவே, வீடு வாசல் எதுவும் இல்லாத புல்வெளியில், ‘விண்ட்மில்’ என்று பொடி எழுத்து அங்கங்கே வந்துகொண்டே இருக்கும். மாடுகளுக்குத் தண்ணீர் இறைத்த காற்றாலைகள் அவை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குழாய்க் கிணறு. கோபுரத்தை எப்போதோ கழற்றியிருப்பார்கள், குழாய் மட்டும் புல்லுக்குள் வாய் திறந்தபடி கிடக்கும். சின்னக் கறுப்புச் சதுரம் தெரிந்தால் அது வீடு. 1904-இன் கின்கெய்டு சட்டப்படி 640 ஏக்கர் வரை அரசு நிலம் பெற்றுக் குடியேறி, பிழைக்க வழியில்லாமல் விட்டுப் போனவர்கள் இங்கே ஏராளம். அதனால் கிணறு என்று குறிக்காவிட்டாலும் பழைய வீட்டைச் சுற்றித் தேடத்தான் வேண்டும்.

மூடாத கிணறு என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். 1987-இல் டெக்சஸின் மிட்லண்டில் 18 மாதக் குழந்தையை மீட்க 58 மணி நேரம் ஆனது. கண்ணுக்குத் தெரியாத கேடும் உண்டு: சாணமும் உரமும் கரைந்த மழைத்தண்ணீர், மண்ணில் வடியாமல் அந்தக் குழாய் வழியே நேராக நிலத்தடி நீரில் கலக்கும். பண்ணை வீட்டில் குடிப்பதும் அதே தண்ணீர்தான்.

சரி, களத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் தாளின் ஓரத்தில் டேட்டம், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகையை அளக்க வைத்துக்கொண்ட அடிப்படை, என்ன என்று படியுங்கள். பழைய தாள்களில் பெரும்பாலும் 1927-ஆம் ஆண்டின் வட அமெரிக்க டேட்டம் இருக்கும். அந்த அட்சரேகை, தீர்க்கரேகையைப் போன் பயன்படுத்தும் இன்றைய டேட்டத்துக்கு மாற்றாமல் அப்படியே போட்டால் 30 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்பீர்கள். தாளில் அது ஒரு மில்லிமீட்டர் சொச்சம். முழங்கால் உயரப் புல்லில் நாலு அங்குலக் குழாயைத் தேடுகிறவருக்கோ ஒரு நாள் வேலை வீண். ஊதா நிறத்தில் இருப்பவை பின்னாளில் வான்படத்தைப் பார்த்துச் சேர்த்தவை, நேரில் போய்ச் சரிபார்த்தவை அல்ல. அப்புறம், கிடைக்கும் எல்லாப் பதிப்புகளையும் பாருங்கள், ஒன்றில் இருக்கும் காற்றாலை அடுத்ததில் இல்லாமல் போகலாம்.

கிணறு கிடைத்தால் கல்லையும் மண்ணையும் கொட்டி நீங்களே மூடிவிடாதீர்கள். உரிமம் பெற்ற கிணற்று ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுங்கள். நெப்ராஸ்காவில் நீரையும் மண்ணையும் பார்த்துக்கொள்ளும் உள்ளூர் அமைப்புகளாக 23 இயற்கை வள மாவட்டங்கள் இருக்கின்றன, மூடும் செலவில் ஒரு பங்கை அவற்றிடம் கேட்டுப் பெற வழி உண்டு. பத்திரம் பதிவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.