கசிகிற கரையை அடைக்கலாமா?

தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் ஐப்பசி மழை பிடித்ததும் எழுதியிருந்தார். தாத்தா காலத்தில் ஓடையை மறித்துப் போட்ட மண்கரை, பதினைந்தடி உயரம். இந்த வருடம் வெளிச்சரிவின் அடியில் ஒரு பாய் அகலத்துக்கு ஈரம், அதன் நடுவில் விரல் கனத்துக்கு ஊற்று. “தண்ணீர் தெளிவாகத்தான் வருகிறது. களிமண்ணை வைத்து அடைத்துவிடலாமா?”

வெளிப்பக்கத்தில் அடைக்காதீர்கள்.

மண்கரை என்றால் கசியும். எவ்வளவு கெட்டித்தாலும் துகளுக்கும் துகளுக்கும் நடுவே இடுக்கு இருக்கும், அதன் வழியே தண்ணீர் ஊர்ந்து வரும். அந்த வேகத்தைத் தீர்மானிப்பது இரண்டு பக்க நீர்மட்ட வேறுபாட்டுக்கும் நடக்கவேண்டிய தூரத்துக்கும் உள்ள விகிதம். 1856இல் பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி கண்டுபிடித்தது இதைத்தான். உங்கள் கரையில் நீர் 4 மீட்டர் நிற்கிறது, அடியில் கரையின் அகலம் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 0.2, சாதுவான கசிவு.

சரி, ஆபத்து எங்கே தொடங்குகிறது? பலரும் ஏரிப்பக்கத்திலிருந்து தண்ணீர் துளைத்துக்கொண்டு வரும் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது நேர் எதிர். கசிவு வெளியே வரும் இடத்தில் பிடிப்பில்லாத ஒரு மணல்துகள் முதலில் கழன்று போகும். அப்புறம் அதன் பின்னால் இருந்தது. இப்படி ஒரு சின்னப் பொந்து, தண்ணீர் வந்த வழியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி ஏரியைப் பார்த்து நகரும். பொந்து 10 மீட்டர் போய்விட்டால், அதே 4 மீட்டர் நீருக்கு மிச்சத் தூரம் 10 மீட்டர்தான், விகிதம் 0.4. மிச்சம் 4 மீட்டர் என்றால் 1. ஏறக்குறைய அந்த அளவில் மேல்நோக்கி வரும் நீர் மணலின் எடையையே தூக்கிவிடும், மணல் கொதிப்பதுபோலக் குமிழியிடும். அரிக்க அரிக்க வழி குறுகும், வழி குறுகக் குறுக அரிப்பு வேகமெடுக்கும். வருடக்கணக்கில் ஊர்ந்தது கடைசியில் சில மணி நேரத்தில் முடிந்துவிடுவது அதனால்தான். வெறும் மணல் என்றால் பொந்து சரிந்து தானே மூடிக்கொள்ளக்கூடும். மேலே இருக்கும் நல்ல களிமண் கூரைபோல் நின்று கொடுப்பதால் பொந்து நிலைக்கிறது.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 93 மீட்டர் உயர டீட்டன் மண்ணணையை முதன்முதலாக நிரப்பியபோது, அணைக்குக் கீழே தெளிவான ஊற்றுகள் தென்பட்டன. இரண்டு நாள் கழித்து, 1976 ஜூன் 5 காலையில் மண் கலந்த கலங்கல் நீர் வந்தது. நண்பகலுக்குள் அணை உடைந்தது. பதினோரு பேர் இறந்தார்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அரிப்பை நிறுத்துவதற்குத் தண்ணீரை நிறுத்த வேண்டியதில்லை, துகளைப் பிடித்துக்கொண்டால் போதும். களிமண்ணால் வாயை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நீர் வேறொரு பலவீனமான இடத்தைத் தேடிக்கொள்ளும். ஊற்றின் மேல் மணலும் அதன் மேல் சல்லியும் பரப்பினால் தண்ணீர் வடியும், மண் தங்கும். எந்த மணல் என்பதற்கு மண் பொறியியலின் முன்னோடி கார்ல் டெர்ஸாகி ஒரு கணக்கு சொன்னார். ஒரே அளவுள்ள மூன்று எலுமிச்சம்பழங்களை ஒட்டி வையுங்கள். நடுவில் இருக்கும் இடுக்கில் நுழையக்கூடிய உருண்டை, எலுமிச்சையின் விட்டத்தில் ஆறரையில் ஒரு பங்குதான். அதைவிடப் பெரியது எதுவும் மாட்டிக்கொள்ளும். ஆகவே வடிமணலின், அதாவது ஊற்றின் மேல் பரப்பும் மணலின், பொடித் துகள்கள் கரைமண்ணின் பெரிய துகள்களைப்போல நான்கைந்து மடங்குக்குள் இருந்தால் போதும். முதலில் கரைமண்ணின் பெரிய துகள்கள் மாட்டும், அவற்றின் இடுக்கில் அடுத்த அளவு, அதன் இடுக்கில் அதற்கடுத்தது. நாம் போடுவது ஒரு சல்லடை. மிச்சச் சல்லடைகளை மண்ணே தனக்குள் கட்டிக்கொள்கிறது! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவாரே அணை உடைந்தபோது, நண்டுகள்தான் காரணம் என்று அமைச்சர் ஒருவர் சொன்னார். நாடே கேலி செய்தது. நண்டு வளையும் முள்ளம்பன்றிப் பொந்தும் கரையைக் கெடுக்கும் என்பது உண்மை. ஆனால் வளையைத் தேடி மூடுவது மனிதர்கள் வேலை, நண்டைக் குற்றவாளி ஆக்கி அதிலிருந்து தப்பிக்க முடியாது. மலைத்தோட்டங்களில் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். கரையின் குறுக்கே போட்ட குழாயைச் சுற்றி மண் சரியாகக் கெட்டிக்கப்பட்டிருக்காது, தண்ணீர் குழாயின் வெளிப்புறத்தை ஒட்டியே ஓடிவரும். கரைமேல் நின்ற சில்வர் ஓக் மரத்தை வெட்டிவிட்டால், வேர் மக்கிய இடம் ஒரு ரெடிமேட் பொந்து.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள அணைகளுக்கானது. 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவை சில நிபந்தனைகளோடு சேரும். உங்கள் பதினைந்தடிக் கரை அதற்குள் வராது. நீலகிரியில் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட மலைகளில் தனியார் கரைகளுக்கும் ஒரு கணக்கெடுப்பு வேண்டும். பக்கத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்களுக்குக் கொஞ்சம் பணமும் ஒரு ஜீப்பும் கொடுத்தாலே தொடங்கிவிடலாம். இதற்குக்கூட அரசு நிதி ஒதுக்கவில்லை என்றால் வேறு எந்த ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்போகிறது?

நண்பரே, உங்கள் ஊற்றுக்கு வருகிறேன். நீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு ராத்திரி அசையாமல் வையுங்கள், அடியில் வண்டல் படிகிறதா பாருங்கள். ஒரு வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்பதை ஏரியின் நீர்மட்டத்தோடு சேர்த்துத் தேதி போட்டு எழுதுங்கள். மழைக்காலத்தில் தினமும் செய்யுங்கள். நீர்மட்டம் ஏறாமல் வாளி மட்டும் சீக்கிரம் நிறைந்தால், அணைகளைப் பார்த்த பொறியாளர் ஒருவரை உடனே கூப்பிடுங்கள். வடிமணலின் அளவை அவர் சொல்லட்டும். மிகைநீர் வழிந்து போகும் கலுங்கில் செடி முளைக்க விடாதீர்கள். கலங்கல் வந்துவிட்டால் முதலில் கீழே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருப்பவர்களை எழுப்பி மேட்டுக்கு அனுப்புங்கள், அப்புறம் மதகைத் திறந்து நீரை இறக்குங்கள்.