வால்வு ரேடியோவுக்குள் குரல் உதவியாளர்: பின்பலகையைக் கழற்றும் முன்

தாத்தா வைத்திருந்த வால்வு ரேடியோவுக்குள் ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினிப் பலகையைப் பொருத்தி, கேட்டதற்குப் பதில் சொல்லும் குரல் உதவியாளராக மாற்ற விரும்பும் இளைஞர்கள் அண்மைக் காலமாக எங்கள் பழுதுபார்க்கும் கடைக்கு வருகிறார்கள். 2021-இல் 15 டாலர் விலையில் அறிமுகமான ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ, விரல்நகம் அளவுள்ள மைக், சிறிய ஆம்ப்ளிஃபயர் பலகை ஆகியவையே போதும் என்பதால் செலவு குறைவுதான். நிரல் எழுதுவதில் அவர்கள் என்னைவிடத் தேர்ந்தவர்கள். 5 வோல்ட்டில் இயங்கும் அந்தப் பலகை யாரையும் எதுவும் செய்யாது. அது குடியேறப் போகும் பழைய பெட்டியைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

நேர்மின்சாரம் (டிசி) வழங்கப்பட்ட ஊர்களிலும் இயங்க வேண்டும், விலையும் குறைய வேண்டும் என்பதற்காக, மின்மாற்றியே இல்லாத ஏசி/டிசி வகை ரேடியோக்கள் ஒரு காலத்தில் ஏராளமாகத் தயாரிக்கப்பட்டன. இவற்றில் மின்கம்பியின் ஒரு முனை நேரடியாக, பாகங்களைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸுடன் இணைந்திருக்கும். இரண்டு முள் பிளக்கைத் திருப்பிச் செருகினால் அந்த முனை நியூட்ரலிலிருந்து பேஸுக்கு மாறிவிடும். மரப்பெட்டி, பிளாஸ்டிக் குமிழ்கள், குமிழின் திருகு கையில் படாதபடி குழிக்குள் இறக்கி அதன்மேல் ஊற்றிய மெழுகு, பின்பக்க அட்டை என எல்லாமே பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடுகள். பெட்டியைத் திறந்ததும் நாம் முதலில் கழற்றி எறிவதும் இவற்றைத்தான்.

கல்லூரி மாணவர் ஒருவர், ஆம்ப்ளிஃபயர் பலகையின் கிரவுண்ட் கம்பியைப் பழக்கதோஷத்தில் சேசிஸில் பற்றவைத்து எடுத்து வந்தார். பிளக்கைச் செருகி, சுவிட்சாகவும் இருக்கும் ஒலிக்குமிழை அணைத்த நிலையில் சேசிஸில் டெஸ்டரை வைத்ததும் அதன் விளக்கு எரிந்தது. சுவிட்ச் சேசிஸ் பக்கக் கம்பியைத்தான் துண்டித்திருந்தது. மற்றக் கம்பியில் வந்த பேஸ், தொடராக இணைந்த வால்வு இழைகளின் வழியே சேசிஸை எட்டியிருந்தது. அன்று அவர் தம் மடிக்கணினியை அந்தப் பலகையுடன் இணைக்காமல் இருந்தது நல்லூழ்.

மின்மாற்றி உள்ள ரேடியோவிலும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்களில் 250 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். பிளக்கை எடுத்த பிறகும் அது சில நேரம் தங்கும். ஸ்குரூ டிரைவரால் குறுக்கிட்டுப் பொறி பறக்கவிடாமல், சில கிலோ ஓம் அளவுள்ள, வாட் திறன் கூடிய ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டு மல்டிமீட்டரால் சரிபார்க்க வேண்டும். ‘ஓடுகிறதா என்று பார்ப்போம்’ என்று பல ஆண்டுகள் பரணில் கிடந்ததைச் செருகிப் பார்ப்பதும் கூடாது. உலர்ந்த கெப்பாசிட்டர் சூடேறி வெடிக்கக்கூடும்.

ஆகவே நான் சொல்லும் வழி ஒன்றுதான்: பழைய மின்கம்பியை முழுமையாக நீக்கி, சேசிஸை வால்வுகளோடு அப்படியே வெளியே எடுத்துத் துணியில் சுற்றி வைத்துவிடுங்கள். பின்னொரு நாள் வீட்டில் யாராவது அந்த ரேடியோவையே கேட்பார்கள். தரமான அடாப்டர் சுவரிலேயே இருக்கட்டும். பெட்டிக்குள் 5 வோல்ட் மட்டும் நுழையட்டும். பழைய ஸ்பீக்கர் பெரும்பாலும் 3 ஓம் அளவில் இருக்கும் என்பதால், 4 ஓமுக்கு வடிவமைத்த சிறு ஆம்ப்ளிஃபயருக்குப் புதிய ஸ்பீக்கரே பாதுகாப்பு. ஒலிக்குமிழால் மின்சாரத்தை நேரடியாகத் துண்டித்தால் மெமரி கார்டு கெடக்கூடும். அந்தச் சுவிட்சை, முறையாக அணையும்படி பலகைக்குச் சொல்லும் சமிக்ஞையாக மட்டும் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, எந்நேரமும் திறந்திருக்கும் மைக். உதவியாளரை எழுப்பும் அழைப்புச் சொல்லைக் கண்டறியும் மென்பொருளைப் பலகையிலேயும், பேச்சை எழுத்தாக்க, தமிழும் அறிந்த விஸ்பர் போன்ற மென்பொருளை வீட்டுக் கணினியிலும் இயக்கினால், வீட்டுப் பேச்சு வெளியே போகாது. அதோடு பேண்ட் மாற்றும் சுவிட்ச் வழியாக மைக்குக்கும் டயலின் பின்னுள்ள மஞ்சள் எல்.இ.டி.க்கும் ஒரே 3.3 வோல்ட் கம்பியைக் கொடுத்துவிடுவேன். டயல் ஒளிர்ந்தால் பெட்டி கேட்கிறது, இருண்டால் கேட்கவில்லை என்பது விருந்தாளிக்கும் விளங்கும்.