வெள்ளைப்பசுவை எழுதியவர் தேரூர்க்காரர்

‘தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு’ யார் எழுதியது என்று நாகர்கோவில் பக்கம் கேட்டால், “அது பழைய பாட்டுல்லா?” என்று பதில் வரும். எழுதியவர் பக்கத்து ஊர்க்காரர்தான். சுசீந்திரத்தை அடுத்த தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. 1954 வரை வாழ்ந்தவர். இன்றோ பாட்டு ‘யாரோ பாடியது’ ஆகிவிட்டது.

பெயர் மட்டும் எப்படி உதிர்கிறது? குழந்தைக்குப் பாட்டு காது வழியாகப் போகிறது. மடியில் வைத்துப் பாடுகிற ஆச்சி, பாட்டைச் சொல்வாளே தவிர எழுதியவர் பெயரைச் சொல்ல மாட்டாள். பெயர் சந்தத்துக்குள் இல்லை. அதைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை.

வரிகளின் கதை வேறு. அடுத்த வரி ‘துள்ளிக் குதிக்குது கன்றுக்குட்டி’. தோட்டத்துக்குத் துள்ளி மோனை. அந்த இடத்தில் ‘எகிறி’ என்று போட்டால் பொருள் கெடாது, ஆனால் காது உடனே ‘தப்பு’ என்கிறது. பொருள், தாளம், ஒலி மூன்றும் சேர்ந்தால் அந்த இடத்தில் பொருந்தும் சொற்கள் மிகக் குறைவு. மறந்தவரும் சரியான சொல்லுக்கே திரும்பி வந்துவிடுவார். வாய்மொழி மரபை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் டேவிட் ரூபின் 1995இல் விளக்கியதும் ஏறத்தாழ இதுதான்.

கட்டு தளர்ந்த இடத்தில் பாட்டு மாறும். ‘கை வீசம்மா கை வீசு’ பாட்டில் கடையில் என்ன வாங்குவது என்பது வீட்டுக்கு வீடு வேறு. அங்கே தாளம் சரியாக இருந்தால் போதும்.

சில பாட்டுகளுக்குப் பெயர் தப்பிப் பிழைத்திருக்கிறது. குமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து மலையாள வீடுகளுக்குப் பழக்கமான ‘ஓமனத்திங்கள் கிடாவோ’ தாலாட்டு, 1813இல் பிறந்த சுவாதித் திருநாளுக்காகக் கவிஞர் இரயிம்மன் தம்பி எழுதியது. தொட்டிலில் கிடந்தது திருவிதாங்கூர் இளவரசர் அல்லவா, பெயர் நிலைத்துவிட்டது. வயலில் மரக்கிளையில் தூளி கட்டிப் பாடியவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பெயர் போன இடத்தில் கதை முளைக்கும். ‘ரிங்கா ரிங்கா ரோஸஸ்’ 1665ஆம் ஆண்டு லண்டன் பிளேக்கைப் பற்றியது என்று இன்றும் பரப்புகிறார்கள். இங்கிலாந்தில் அது முதலில் அச்சேறியது 1881இல்தான். பிளேக் விளக்கம் அதற்கும் பிந்தியது, இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு.