டிக்கியில் ஒட்டிய எழுத்து

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, வாங்கப்போகும் பழைய கார் ஒன்றைப் பார்த்துச் சொல்லும்படி ஒரு தம்பி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். வெள்ளை நிற ஜெர்மன் செடான். டிக்கி மூடியின் வலது மூலையில் அந்தக் கம்பெனியின் ரேஸ் பிரிவு எழுத்து பளபளவென்று இருந்தது. ஸ்டீயரிங்கிலும் அதே எழுத்து, கதவைத் திறந்தால் வாசற்படியிலும் அதே எழுத்து. அந்த எழுத்துக்காகவே விற்பவர் மார்க்கெட் விலைக்கு மேல் மூன்று லட்சம் சொல்லியிருந்தார்.

"அண்ணா, இது ஸ்பெஷல் வண்டிங்க. அஞ்சு செகண்டுல நூறு தொடும்னு சொல்றாங்க."

நான் பானெட்டைத் திறக்கவில்லை. முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வீல் இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது அதே காரின் சாதாரண மாடலில் வருகிற ஒற்றை பிஸ்டன் காலிப்பர், அதாவது பிரேக் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்துகிற பாகம். ஆர்சியை வாங்கிப் பார்த்தால் இரண்டு லிட்டர் டீசல். "தம்பி, எழுத்து கம்பெனி போட்டதுதான். ஆனால் நீங்கள் நினைக்கிற வண்டி இது இல்லை" என்றேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

விற்பவர் ஏமாற்றினார் என்றுகூட முழுதாகச் சொல்ல முடியாது. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லி விற்றிருப்பார்கள். கோயம்புத்தூரில் இருபது வருடத்துக்கு மேலாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். வாரத்துக்கு ஒன்றிரண்டாவது இப்படி வருகிறது.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்றால், ஒரே எழுத்தைக் கம்பெனிகள் மூன்று தரத்து வண்டிகளுக்கும் ஒட்டுகின்றன. மூன்று மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஎம்டபிள்யூவை எடுத்துக்கொள்ளுங்கள். 'எம் ஸ்போர்ட்' என்பது ஒரு பேக்கேஜ். பம்பர், வீல், சீட், ஸ்டீயரிங் மாறும், இன்ஜின் சாதாரண மாடலுக்கு உரியதே. அதற்கு மேல் மாடி 'எம் 340ஐ' போன்றவை. 3 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின், 387 குதிரைசக்தி, 2021-ல் சென்னை ஆலையிலேயே அசெம்பிள் ஆகி விற்பனைக்கு வந்தது. உச்சி மாடிதான் 'எம் 3'. மூன்றும் தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மெர்சிடிஸில் 'ஏஎம்ஜி லைன்' என்றால் அலங்காரம், 'ஏஎம்ஜி சி 63' என்றால் நிஜம். ஹூண்டாயில் 'என் லைன்' வேறு, 'என்' வேறு.

இந்தக் கடைசி விஷயத்தில் பலருக்கும் மனத்தாங்கல் உண்டு. 2021 செப்டம்பரில் ஐ20 என் லைன் வந்தபோது என்னிடம் வருகிற பையன்கள் பலர், வெளிநாட்டு யூடியூபில் பார்த்த ஐ20 என் வந்துவிட்டது என்றே நினைத்தார்கள். அங்கே விற்ற 'என்' 1.6 லிட்டர் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி உள்ளது), 204 பிஎஸ் (குதிரைசக்தி மாதிரியே ஒரு அளவு). அது இந்தியாவுக்கு வரவே இல்லை. இங்கே வந்த என் லைனில் இருந்தது சாதாரண ஐ20 டர்போவின் அதே 1 லிட்டர் இன்ஜின், அதே 120 பிஎஸ். ஆனால் அதை வெறும் ஸ்டிக்கர் வண்டி என்று ஒதுக்கிவிடவும் கூடாது. சஸ்பென்ஷனை இறுக்கி, ஸ்டீயரிங்கைக் கனமாக்கி, பின்சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் கொடுத்தார்கள். கூடக் கொடுக்கும் காசுக்கு என்ன வந்தது என்று தெரிந்து வாங்குகிறவருக்கு அது நல்ல வண்டி.

இந்த மாதிரி வண்டிகளின் பிறப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் விஷயம் சுலபமாகப் புரியும். 1980-களில் ஐரோப்பாவில் குரூப் ஏ என்ற பந்தய வகுப்பில் ஒரு காரை இறக்க வேண்டுமென்றால், அதே காரைப் பொதுமக்களுக்கு 5000 வண்டி தயாரித்திருக்க வேண்டும் என்று விதி. அந்த விதிக்காகப் பிறந்ததுதான் 1986-ல் வந்த முதல் எம் 3. சாதாரண 3 சீரிஸ் மாதிரியே இருக்கும். சக்கரத்தைக் கழற்றினால்தான் குட்டு வெளிப்படும்: சாதாரண வண்டியில் சக்கரத்துக்கு நாலு போல்ட், எம் 3-ல் ஐந்து. சக்கரம் மாட்டுகிற ஹப்பே வேறு, பிரேக்கே வேறு. பின்பக்கக் கண்ணாடியின் சாய்வைக்கூடக் காற்றோட்டத்துக்காக மாற்றியிருந்தார்கள். நான்கு சிலிண்டர் இன்ஜின்தான். இன்ஜினைவிட மற்ற இடங்களில்தான் அவர்கள் அதிகம் உழைத்தார்கள் என்பது என் கருத்து.

கோல்ஃப் ஜிடிஐ இன்னொரு ரகம். 1976-ல் விற்பனைக்கு வந்தபோது ஒரு 5000 வண்டி போனால் போதும் என்றுதான் ஃபோக்ஸ்வேகன் கணக்குப் போட்டிருந்தது. முதல் தலைமுறை மட்டுமே நாலரை லட்சத்துக்கு மேல் விற்றது. 1.6 லிட்டர், 110 பிஎஸ். இன்று குடும்ப காரிலேயே அந்தச் சக்தி வருகிறது. ஏஎம்ஜி கதை வேறு மாதிரி. 1967-ல் ஆஃப்ரெக்ட், மெல்ஷர் என்ற இரண்டு பேர் தனியாகத் தொடங்கிய டியூனிங் கடை அது. முதல் இரண்டு எழுத்து அவர்கள் பெயர், மூன்றாவது எழுத்து ஆஃப்ரெக்ட் பிறந்த ஊரின் பெயர். நம் பெரியவர்கள் இனிஷியலில் ஊர்ப்பெயரைச் சேர்த்துக்கொண்டது போல.

எங்கள் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 2018-ல் டாடா டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி என்று இரண்டு வண்டிகள் வந்தன. ஜே என்றால் ஜெயெம், கோயம்புத்தூர் கம்பெனி. டாடாவும் அவர்களும் பாதிக்குப் பாதி சேர்ந்து தொடங்கிய நிறுவனம் செய்தது. சாதாரண டியாகோ பெட்ரோல் 85 பிஎஸ், ஜேடிபி 114 பிஎஸ். நெக்ஸானின் 1.2 லிட்டர் டர்போ இன்ஜினை உள்ளே வைத்து, கியர் விகிதத்தை மாற்றி, சஸ்பென்ஷனைத் திருத்தி, வண்டியைத் தரைக்குக் கொஞ்சம் இறக்கி, அகலமான டயர் போட்டு, எல்லாம் சேர்த்து 6.39 லட்சத்துக்குக் கொடுத்தார்கள். பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி 2020-ல் வந்தபோது ஜேடிபி அதைத் தாண்டி வரவில்லை. மாருதி பலேனோ ஆர்எஸ்ஸும் அதே சமயத்தில் போய்விட்டது. இன்று ஒழுங்காக வைத்திருந்த ஜேடிபி ஒன்று என் ஷெட்டுக்குள் வந்தால், வேலை இல்லாவிட்டாலும் நான் ஒரு ரவுண்டு எடுத்துப் பார்ப்பேன். வயது ஒரு காரணமா என்ன.

சரி, இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். எழுத்தைப் பார்த்து ஏமாறினால் பணம்தான் போகும். அதைவிட ஆபத்தானது, சாதாரண வண்டியை வாங்கி, இன்ஜினை மட்டும் வேகமான மாடல் மாதிரி ஆக்கிக்கொள்வது.

ஒரு நேரடி அனுபவம். டர்போ ஹேட்ச்பேக் ஒன்றை ஒரு பையன் ரீமேப் செய்திருந்தான். லேப்டாப்பைச் செருகி, இன்ஜினை இயக்குகிற கம்ப்யூட்டரான இசியூவில் வேறு புரோகிராம் ஏற்றுவது, அரை மணி நேர வேலை. கூட இருபத்தைந்து, முப்பது குதிரை கிடைத்ததாகச் சொன்னான். கிடைத்தும் இருக்கும். வீட்டில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வால்பாறை போயிருக்கிறான். ஆழியாறிலிருந்து மேலே நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ராஜா மாதிரி ஏறியிருக்கிறது. இறங்கும்போது வளைவுக்கு வளைவு பறந்துபோய்க் கடைசியில் பிரேக் மிதித்து வந்திருக்கிறான். பாதி இறங்குவதற்குள் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. நல்லவேளை, இரண்டாவது கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கச் சுவரில் உரசி நிறுத்திவிட்டான். யாருக்கும் அடியில்லை. அம்மா அதற்கப்புறம் அந்தக் காரில் ஏறவில்லையாம்.

வண்டி என்னிடம் வந்தபோது பிரேக் பேடைக் கழற்றினேன். மேற்பரப்பு கண்ணாடி போட்டது போல் வழவழப்பாக, ஓரம் வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தது. டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தது. பிரேக் ஆயிலை வெள்ளைக் கப்பில் எடுத்தால் கருங்காப்பி நிறம். வண்டி வாங்கியதிலிருந்து மாற்றவே இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும். ஈரம் சேர்ந்தபின் தர விதி கேட்பதே 155 டிகிரிதான். கொதித்து ஆவியானால் குழாய்க்குள் குமிழி. குமிழியை மிதித்தால் அது சுருங்கும், காலிப்பர் நகராது. பெடல் பஞ்சானது அதனால்தான்.

கணக்கு ஒன்று சொல்கிறேன். மணிக்கு 80-ல் போகிற வண்டி 120-ல் போனால் வேகம் ஒன்றரை மடங்கு. ஆனால் அதை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய சக்தி இரண்டேகால் மடங்கு. அத்தனையும் சூடாகத்தான் மாறும். கம்பெனி வேகமான மாடல் செய்யும்போது பெரிய டிஸ்க், பெரிய ரேடியேட்டர், டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்க நல்ல இன்டர்கூலர், அதிக வேகத்துக்கு உரிய டயர், பலமான கிளட்ச் என்று சேர்த்துக்கொண்டே போவது இந்தச் சூட்டுக்காகத்தான். விலை ஏறுவதும் பெரும்பாலும் அங்கேதான். லேப்டாப்பில் ரீமேப் செய்கிறவர் இதில் எதையும் தொடுவதில்லை. தொட்டால் அவர் கேட்கிற காசுக்குக் கட்டுப்படியாகாது.

சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. அதே வருடத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். போலீஸ் பிடிக்கிறதோ இல்லையோ, விபத்துக்கு அப்புறம் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து நிற்பார். சொல்லாமல் செய்த மாற்றம் அவர் கண்ணில் பட்டால் கிளெய்ம் சிக்கல்தான்.

ரீமேப் செய்த வண்டியை விற்கும்போது பழைய புரோகிராமைத் திரும்ப ஏற்றிவிடுவார்கள். அதனால் ஸ்கேனர் போட்டால் மட்டும் தெரியாது. நான் முதலில் பார்ப்பது டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகிற ஹோஸின் கிளிப். பல வண்டிகளில் கம்பெனி போடுவது ஒருமுறை அழுத்தி மூடுகிற ரகம், திறந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அந்த இடத்தில் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற ஸ்க்ரூ கிளிப் இருந்தால், யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். நியாயமான காரணமும் இருக்கலாம். அப்புறம் மேனுவல் கியர் வண்டியானால், காலி ரோட்டில் நாலாவது கியரில் 40-ல் போகும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துப் பாருங்கள். இன்ஜின் சுற்றைக் காட்டுகிற ஆர்பிஎம் முள் எகிறி, வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். டிஸ்க்கின் விளிம்பை, வண்டி ஆறியபின், நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டுகிற அளவுக்கு மேடு இருந்தால் டிஸ்க் தேய்ந்துவிட்டது. இந்த மாடல்களுக்கு டிஸ்க் விலை சாதாரண மாடலின் விலை அல்ல, அதைக் கேட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள். குறைந்த எண்ணிக்கையில் வந்த வண்டி என்றால் பாகம் கிடைக்குமா என்பதே முதல் கேள்வி. போலோ ஜிடிஐ இந்தியாவுக்கென்று ஒதுக்கப்பட்டதே 99 வண்டி.

டயரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். அளவுக்குப் பக்கத்தில் ஒரு எழுத்து: டி என்றால் மணிக்கு 190 வரை, ஹெச் என்றால் 210, வி என்றால் 240. கம்பெனி வி போட்டிருந்த இடத்தில் காசு மிச்சம் பண்ணி டி போட்டு ஓட்டுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நான் 190-ல் போகமாட்டேனே என்பார்கள். அந்த எழுத்து வேகத்துக்கு மட்டுமில்லை, டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதற்கும் சேர்த்துத்தான்.

வேகமாக ஓட்டுகிற ஆசையை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் இருந்தது. செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. 2.1 கிலோமீட்டர் டிராக். எதிரே லாரி வராது, நாய் குறுக்கே வராது. அங்கே ஓட்ட வாய்ப்புக் கிடைத்தால், முதல் நாளே பிரேக் ஆயிலை மாற்றிக்கொண்டு போங்கள்.

அந்தத் தம்பி வெள்ளை செடானை வாங்கவில்லை. போன வாரம் திருப்பூரிலிருந்து போன் பண்ணினார், ஒரு ஐ20 என் லைன் பக்கத்தில் நின்றுகொண்டு.

"அண்ணா, பின்னாடி டிஸ்க் இருக்குங்க. ஹோஸ் கிளிப்பும் கம்பெனி கிளிப்புதான். டயர்ல நாலு இரண்டு இரண்டு ஒன்னுன்னு இருக்கு."

"2021 அக்டோபர் டயர். வண்டியோடு வந்த பழசுங்க தம்பி. நாலு டயர் விலையைக் குறைக்கச் சொல்லுங்க. பிரேக் ஆயில் எப்ப மாத்துனாங்கன்னு கேட்டீங்களா?"

"கேட்டேங்கண்ணா. அப்படி ஒன்னு மாத்தணுமான்னு அவரு என்னையே திருப்பிக் கேக்கறாரு."